வாசலில் கிடப்பவர்

இரவு பத்து மணி. முகத்துவாரத்திலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வருகிற பாதை. ஒரு பக்கம் கருவாடு காயப்போடுகிற வெளி, மறுபக்கம் தோணி கட்டுகிற கொட்டில்கள். எல்லாம் பூட்டியாயிற்று. விளக்குக் கம்பங்களில் ஒன்றிரண்டுதான் எரிகின்றன. கடல் இரைகிறது, ஆனால் தெரியவில்லை.

அந்தப் பாதையில் ஒரு சாமியார் தனியே நடந்து வருகிறார். கறுப்பு அங்கி. காலில் செருப்பு இல்லை. கையில் ஒன்றுமில்லை. ஓடவில்லை, தயங்கவும் இல்லை, ஒரே சீரான நடை. வழி நெடுக ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பயத்தில்தான் திரும்பிப் பார்க்கவில்லை என்று நானும் முதலில் நினைத்தேன். பயம் இல்லையாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கதை.

இரத்தினசிங்கம், அந்தச் சிகரெட்டை அணை. விமானக் குண்டுவீச்சுக்குக் காவல் நிற்கிற ஏ.ஆர்.பி. வார்டனே இருட்டடிப்பில் சிகரெட் பிடித்தால், வெள்ளவத்தை எங்கே இருக்கிறது என்று ஜப்பான்காரனுக்கு நாமே விரல் காட்டியதாகிவிடும். ஷிப்லி, நீ இந்த மணல் மூட்டைக்கு வா. கிட்ட வாருங்கள், சத்தம் போட்டுச் சொல்லக்கூடிய கதை இல்லை இது. ஒஸ்வால்டுக்கு இன்றைக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. அவன் இல்லாத நேரத்தில்தான் சொல்லலாம். நடந்தது அவனுடைய அம்மானுக்கு. தாயின் கூடப்பிறந்த அண்ணன், பெயர் பற்றிக்.

"தியாகண்ணை, உண்மையா நடந்ததோ?" என்று கேட்கிறாய், ஷிப்லி. ஒஸ்வால்டின் தாய் மதலேனம்மா சொன்னது பாதி. நான் கண்ணால் பார்த்ததும் கொஞ்சம் இருக்கிறது. அது வரும்போது சொல்கிறேன்.

முகத்துவாரத்துக் கோடியில் அப்போது ஒரு மடம் இருந்தது. இப்போது இல்லை, யுத்தம் வந்ததும் பட்டாளம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள். பங்குச் சாமிமார் மாதிரி ஊருக்குள் சைக்கிளில் திரிகிறவர்கள் இல்லை. செபம் மதிலுக்குள்ளே, தோட்ட வேலை மதிலுக்குள்ளே, செத்தாலும் மதிலுக்குள்ளேதான் குழி. வெள்ளைக்காரர் சிலர், சிங்களவர் சிலர், நம்மவர் சிலர்.

அவர்களுக்கு ஒரு மடாதிபதி. பெரியசாமி என்பார்கள். நம் சைவ ஆதீனங்களில் பண்டார சந்நிதி இருக்கிறார் அல்லவா, ஏறக்குறைய அப்படி. ஆனால் இவரைத் துறவிகளே கூடி வாக்குப் போட்டுத் தெரிவு செய்வார்கள். தெரிவு செய்த பிறகு சாகும்வரை அவர்தான். அவருடைய சொல் கடவுளின் சொல். அவர் அனுமதி இல்லாமல் ஒரு ஊசியைக்கூடத் தன்னுடையது என்று சொல்லக் கூடாது.

சாப்பாட்டு அறையில் பேச்சே கிடையாது. ஒருவர் நின்றுகொண்டு புத்தகம் வாசிப்பார், மற்றவர்கள் குனிந்த தலையோடு சாப்பிடுவார்கள். பெரியசாமி சுற்றிவரப் பார்ப்பார். பிறகு மோதிரம் போட்ட கையால் மேசையில் ஒரு தட்டு... டொக். வாசிக்கிறவர் பாதி வசனத்தில் நிறுத்திவிடுவார். எடுத்த கவளம் கையோடு நின்றுவிடும். எல்லோரும் எழுந்து வரிசையாக வெளியே போய்விடுவார்கள். கோயிலிலும் அப்படித்தான், கூட்டத்திலும் அப்படித்தான். பெரியசாமி தட்டினால், முடிந்தது, எழும்பு, போ என்று அர்த்தம். பிறகு கேட்காதீர்கள், இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அவர்களுடைய சட்டப் புத்தகத்தில் இருக்கிறதாம்... கடைசித் தீர்வை நாளில் கடவுள் மடாதிபதியைத் தனியே கூப்பிட்டு, உன்னிடம் ஒப்படைத்த ஆட்கள் ஒவ்வொருவரையும் என்ன செய்தாய் என்று கேட்பாராம். ஒரு ஆள் கெட்டுப்போயிருந்தாலும் விடமாட்டாராம். அதிகாரம் எவ்வளவோ, பாரமும் அவ்வளவு. நம் இரத்தினசிங்கத்தின் ஹெட் கிளாக்கை அப்படி யாரும் கேட்கப்போவதில்லை, அதுதான் அவர் அந்த ஆட்டம் ஆடுகிறார்.

அந்தப் பெரியசாமி பெல்ஜியம்காரர். நெடிய மனிதர். முழங்கால் வருத்தம், ஒரு தடி ஊன்றித்தான் நடப்பார். வருத்தத்துக்கு யூக்கலிப்டஸ் எண்ணெய் பூசுவார். ஆள் வருமுன் அந்த மணம் வரும். நல்ல மனிதர்தான், அதை மறைக்கக் கூடாது. வாசலுக்கு வருகிறவன் பிச்சைக்காரனானாலும் யேசுநாதரே வந்ததாக எண்ணி, மடாதிபதி தன் கையால் அவன் காலைக் கழுவ வேண்டும் என்பது அவர்கள் முறை. செதில் ஒட்டிய மீன்காரரின் கால்களை அவர் அந்த முழங்காலோடு குனிந்து கழுவியதை மதலேனம்மா பார்த்திருக்கிறார்.

பிறகு ஒருநாள் மடத்துக் கோயிலில் களவு போயிற்று. வெள்ளி மெழுகுதிரித் தண்டுகள். இரவில் படுக்க இடம் கேட்டு வந்தவன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவனுடைய காலையும் பெரியசாமிதான் கழுவியிருந்தார். அன்றோடு மனிதர் மாறிப்போனார். இராச்செபத்து மணி அடித்தால் விடியும்வரை வாசல் திறக்கக் கூடாது என்று கட்டளை போட்டார். யார் தட்டினாலும். அவர் தலையசைத்தால் மட்டும் திறக்கலாம்.

வாசல் காவல் நம் பற்றிக். பிரதர் பற்றிக். முப்பது முப்பத்தைந்து வயது. சொன்னதைச் செய்கிற மனிதர். செய்யாமல் இருக்கத் தெரியாது.

அது காய்ச்சல் வருடம். உங்களுக்கு நினைவிருக்கும், மலேரியா. கேகாலைப் பக்கம் வீடு வீடாகச் செத்தார்கள். கால் போன போக்கில் கொழும்புக்கு வந்து தெருவில் விழுந்தவர்களும் உண்டு. மார்கழி மாதம், நல்ல மழை. மடத்தில் மணி அடித்தாயிற்று. அந்த மணிக்குப் பிறகு பேச்சும் கிடையாது. பெரிய மௌனம் என்பார்கள். வீடு பற்றி எரிந்தாலும் கைச்சாடையால்தான் சொல்ல வேண்டும் என்பான் ஒஸ்வால்ட். அவன் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான்.

வாசலில் தட்டுகிற சத்தம். டொக். டொக். கொஞ்சம் விட்டு மறுபடி. ஒரு பெண் குரல். தேயிலைத் தோட்டப் பக்கத்துப் பேச்சு.

"சாமி... தொறங்க சாமி. காச்சல் சாமி."

பற்றிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றார். பதில் சொல்ல வாய் இல்லை, திறக்க உத்தரவு இல்லை. மேலே ஓடினார். வாசலுக்கு நேர் மேலேதான் பெரியசாமியின் அறை. கதவு பாதி திறந்திருந்தது. விளக்கில்லை. பெரியசாமி படுக்கையில் இல்லை... ஜன்னலடியில் நின்று கீழே பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்டிருக்கிறது.

பற்றிக் முழந்தாளில் இருந்தார். காற்றில் தட்டிக் காட்டினார். கீழே விரலை நீட்டினார். நெற்றியில் கையை வைத்து, காய்ச்சல் என்று காட்டினார்.

பெரியசாமி நெடுநேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். ஓமா இல்லையா என்று குழம்ப நம்மவர் தலையாட்டல் இல்லை அது. வெள்ளைக்காரன் தலையாட்டல். இந்தப் பக்கம் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம். இல்லை என்றால் இல்லை.

பற்றிக் இறங்கி வந்து வாசலடி வாங்கில் உட்கார்ந்தார். முதலில் சத்தம் அவர் நெஞ்சு உயரத்தில் வந்தது. அவள் நிற்கிறாள். பிறகு இடுப்பு உயரத்தில். அவள் முழந்தாளில் இருக்கிறாள். மழை விடவில்லை. கதவடியால் தண்ணீர் உள்ளே வந்து அவர் பாதத்தை நனைத்தது. சாமத்துக்குப் பிறகு சத்தம் நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் வந்தது... டொக். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு டொக். விடியற்காலை மணிக்குக் கொஞ்சம் முன்னே அதுவும் நின்றது.

மணி அடித்ததும் திறந்தார். கதவில் சாய்ந்திருந்த உடம்பு உள்ளே சரிந்து அவர் காலில் விழுந்தது. மடக்கிய விரல்கள் மடக்கியபடியே இருந்தன. கதவின் அடியில் அந்த இடத்தில் மட்டும் வர்ணம் உரிந்திருந்தது.

ஊர் கூடிவிட்டது. மீன்காரர் கல்லெடுத்தார்கள். அப்போது பெரியசாமி இறங்கி வந்தார். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். எல்லோரும் பார்க்க, செத்தவளின் காலை முழந்தாளில் நின்று கழுவினார். அழுதார். கண்ணீர் பொய்யில்லை என்றுதான் பற்றிக்கும் சொன்னாராம். கல்லெடுத்தவர்கள் கல்லைப் போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

அன்று துறவிகளின் கூட்டம். அதில் ஒரு முறை உண்டு. குற்றம் சாட்டப்பட்டவன் வாய் திறக்கக் கூடாது. காரணம் சொல்லக் கூடாது. நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடக்க வேண்டும்.

"நேற்று இரவு வாசலில் யார்?" என்று பெரியசாமி கேட்டார்.

பற்றிக் விழுந்தார். விழுந்த பிறகு ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்தார். அவர் சொல்வார், நான்தான் தலையாட்டினேன் என்று இப்போது சொல்வார் என்று பார்த்தார். பெரியசாமி தன் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்டனை சொன்னார். பற்றிக் மற்றவர்களோடு சாப்பிடக் கூடாது, எல்லோரும் போன பிறகு தனியே. அவன் சோற்றை யாரும் ஆசீர்வதிக்கக் கூடாது. அவனோடு யாரும் பேசக் கூடாது. செப நேரமெல்லாம் கோயில் வாசற்படியில் முகம் குப்புறக் கிடக்க வேண்டும், போகிறவர்களும் வருகிறவர்களும் அவனைத் தாண்டிப் போவார்கள். எவ்வளவு நாள்? நான் போதும் என்று சொல்லும்வரை.

இது அவர்கள் சட்டத்தில் உள்ளதுதான், புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. வழக்கமாக ஒரு கிழமை, மிஞ்சிப்போனால் இரண்டு. பற்றிக் கிடந்தார். யேசு பிறந்த நத்தார் போயிற்று. தைப் பனி போயிற்று. ஒவ்வொரு செபத்துக்கும் பாதங்கள் அவரைத் தாண்டிப் போகும். கடைசியில் யூக்கலிப்டஸ் மணம் வரும். தடி வரும்... டக், டக். அவர் தலைமாட்டில் தடி நிற்கும். மேலே மூச்சு வாங்குகிற சத்தம். இப்போது சொல்லப்போகிறார் என்று பற்றிக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு அங்கியின் ஓரம் கழுத்தில் பட, தடி தாண்டிப் போய்விடும்.

ஏன் சொல்லவில்லை? எனக்குத் தெரிந்த நியாயம் இதுதான். போதும் என்றால் எழுப்ப வேண்டும். எழுப்பினால் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த மனிதரால் அது முடியவில்லை. எனக்கு அவர் மேல் கோபம்தான், ஆனால் பாவமாகவும் இருக்கிறது.

பங்குனியில் பெரியசாமிக்கு வாதம் விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணிப் பேச்சுப் போய்விட்டது. வலது கை மட்டும், அதுவும் மணிக்கட்டுக்குக் கீழே, கொஞ்சம் அசைந்தது. துறவிகள் எல்லோரும் கட்டிலைச் சுற்றி முழந்தாளில் இருந்து செபம் சொன்னார்கள். ஒருவர் மட்டும் இல்லை. அவர் கீழே கோயில் வாசற்படியில் கிடக்கிறார். அந்தப் படியும் அதே அறைக்குக் கீழேதான்.

பெரியசாமி சுற்றிவரப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தேடுகிறார். பிறகு மோதிரக் கையால் கட்டில் சட்டத்தில் தட்டினார். டொக்.

கேட்டதும் எல்லோரும் செபத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். எழுந்தார்கள். வரிசையாக வெளியே போய்விட்டார்கள்.

சிரிக்காதே, இரத்தினசிங்கம். வாழ்நாள் முழுக்க அந்தத் தட்டலுக்கு எழுந்து போன கால்கள். வருத்தம் பார்க்கிற பிரதர் மறுபடி எட்டிப் பார்த்தார். டொக். வணங்கிவிட்டுப் போய்விட்டார். அடுத்த தலைவர் போல இருந்த மூத்த சாமி வந்தார். டொக். "பெரியவர் தனிமையில் கடவுளைச் சந்திக்க விரும்புகிறார், யாரும் தொந்தரவு செய்யாதீர்கள்" என்று சாடை காட்டிவிட்டு அவரும் போனார். யார் வந்தாலும் தட்டினார். தட்டத் தட்டப் போனார்கள். கடைசியில் ஒருவரும் வரவில்லை. தட்டுகிற சத்தம் மட்டும் இரவு முழுக்க...

செபம் முடிந்தது என்று யாரும் வந்து சொல்லாததால் இரவு முழுக்கக் கீழேயே கிடந்த பற்றிக்குக் கேட்டது. தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று அவருக்குத் தெரிந்ததாம். அதை அவரே தங்கையிடம் சொல்லியிருக்கிறார்.

"தெரிஞ்சும் ஏன் அண்ணே போகேல்ல?" என்று மதலேனம்மா கேட்டாராம்.

"ராமுழுக்க ஒரு தட்டலைக் கேட்டுக்கொண்டு இருக்க அவர்தானே எனக்குப் பழக்கினவர்."

விடியற்காலை மணிக்குக் கொஞ்சம் முன்னே சத்தம் நின்றது.

மோதிரத்தைக் கழற்றி, அடுத்த மடாதிபதிக்கென்று பூட்டி வைத்துவிட்டுப் பெரியசாமியைப் புதைத்தார்கள். பற்றிக்கை யார் எழுப்புவது? மூத்த சாமிக்கு அதிகாரம் இல்லை. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும், இல்லாவிட்டால் புதிதாக ஒரு மடாதிபதி வர வேண்டும். அதற்கு ஐரோப்பாவிலிருந்து உத்தரவு வர வேண்டும். அதுவரை கிட என்றார்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு துறவி செத்தால் முப்பது நாளைக்குச் சாப்பாட்டு மேசையில் அவருடைய இடத்தை எடுக்கமாட்டார்கள். அங்கே ஒரு சிலுவை வைப்பார்கள். மற்றவர்களுக்குப் போடுகிற அதே சாப்பாட்டை அந்த இடத்திலும் போடுவார்கள். பிறகு அந்தப் பீங்கானை வாசலுக்குக் கொண்டுபோய் ஏழை ஒருவருக்குக் கொடுப்பார்கள். பெரியசாமியின் பீங்கானைக் கொண்டுபோகிற வேலை பற்றிக்குக் கிடைத்தது. எல்லோரும் போன பிறகு தனியே சாப்பிடுகிறவர் அவர்தானே. எதிரே ஆளில்லாத நாற்காலி, சிலுவை, ஆறிப்போன சோறும் பருப்பும் ஒரு துண்டு மீனும். தன்னுடையதைச் சாப்பிட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டு போவார். முதல் நாட்களில் ஏழைகள் வந்தார்கள். போகப் போக வரவில்லை. வாசலடியில் ஏதோ மணக்கிறது என்றார்களாம்.

முப்பதாவது நாள் இரவு. பற்றிக் பீங்கானோடு வாசலுக்கு வந்தார். வெளியே ஒரு சத்தமும் இல்லை. காற்றுக்கூட இல்லை. மழை பெய்து கிழமைக் கணக்காகிறது. திரும்பப் போகலாம் என்று நினைத்தபோது...

டொக்.

நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில். அந்த உரிந்த இடத்தில்.

அவள்தான் என்று நினைத்தார். பயப்படவில்லையாம். இந்த முறை திறக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தார். தாழ்ப்பாளை எடுத்தார். திறந்ததும் யூக்கலிப்டஸ் மணம் முகத்தில் அடித்தது.

வாசற்படியில் ஒருவர் முகம் குப்புறக் கிடந்தார். கறுப்பு அங்கி. நெடிய உடம்பு. தானே மாதக்கணக்காகக் கிடந்த அதே கிடை. ஒரு கை மட்டும் முன்னே நீண்டிருந்தது. அதில் மோதிரம் இல்லை. மோதிரம் இருந்த இடத்தில் வெள்ளையாய் ஒரு தழும்பு. விரல் மெல்ல உயர்ந்தது. கல்படியில் தட்டியது. வெறும் எலும்புச் சத்தம். முகம் திரும்பவில்லை. பேச்சும் இல்லை.

அந்தக் கிடையின் அர்த்தம் பற்றிக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? ஒரு சொல் கேட்கிறார். போதும் என்கிற ஒரு சொல். இங்கே அதைச் சொல்லக்கூடியவர் பற்றிக் மட்டும்தான்.

பற்றிக் நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு குனிந்து பீங்கானைத் தலைமாட்டில் வைத்தார். அங்கியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டார். அவரைத் தாண்டினார். தாண்டி, பாதையில் இறங்கி, நடந்தார்.

இப்போது தெரிகிறதா, நான் முதலில் சொன்ன சாமியார் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று?

கொட்டாஞ்சேனையில் தங்கை வீட்டுக் கதவைத் தட்டினார். மதலேனம்மா பதறிப்போனார்.

"என்ன அண்ணே இந்த நேரத்திலை?"

"பசிக்குது. சோறு இருந்தாத் தா."

சாப்பிட்டு முடித்தார். எழும்பவில்லை. கையைக் காய விட்டுக்கொண்டு அப்படியே இருந்தார். அப்போது தெருக்கதவில் தாழ்வாக ஒரு சத்தம்.

"நாய் போலை கிடக்கு," என்றார் மதலேனம்மா.

"நாய் இல்லை. ஒரு பீங்கானிலை சோறு போட்டுத் தா."

அன்று தொடங்கியது. ஒவ்வொரு இரவும் சாப்பாடு முடிகிற நேரத்தில். சாமியார் உடுப்பைக் கழற்றிவிட்டு அவர் அங்கேயே இருந்துவிட்டார், ஒரு மரக் கடையில் வேலை பார்த்தார். மடத்தார் வந்து கூப்பிட்டும் போகவில்லை.

மதலேனம்மா வருடக்கணக்காகக் கெஞ்சினார். "ஒரு சொல்லுத்தானே அண்ணே. சொல்லிவிடுங்கோவன். அந்த ஆத்துமா போகட்டும்."

"அந்த மனுசியும் ஒரு சொல்லுத்தான் கேட்டவ." வேறு நாளில் இன்னொன்றும் சொன்னாராம். "அவர் முதலிலை சொல்லட்டும், நான்தான் தலையாட்டினனான் எண்டு. பிறகு நான் சொல்லுறன்."

செத்தவர் எப்படிச் சொல்வார்? அதை அவரிடம் யார் கேட்பது?

இனி நான் பார்த்தது. யுத்தத்துக்கு முந்தின வருடம் நத்தாருக்கு ஒஸ்வால்ட் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டான். அப்போது எனக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. பற்றிக்கை அன்றுதான் முதலில் கண்டேன். மெலிந்த மனிதர், சாரமும் வெள்ளைச் சட்டையும். மரியாதையாக என் கந்தோர் வேலையைப் பற்றி விசாரித்தார். சாப்பிட்டு முடித்தோம். யாரும் எழும்பவில்லை. நான் எழும்பப் போனேன், மேசைக்குக் கீழே ஒஸ்வால்ட் என் தொடையை அழுத்தினான். எல்லோரும் பீங்கானைப் பார்த்தபடி இருந்தார்கள்.

டொக்.

கேட்டேன். என் காதால் கேட்டேன். பற்றிக் எழுந்தார். தன் கையால் சோறு போட்டார், பருப்பு விட்டார், ஒரு துண்டு மீன் வைத்தார். நத்தாருக்குச் செய்த இறைச்சியைத் தொடவில்லை. கதவைத் திறந்தார். வீட்டுக்குள்ளே யூக்கலிப்டஸ் மணம் வந்தது. நான் எட்டிப் பார்த்தேன். வெறும் படி. தெரு விளக்கு வெளிச்சம் நன்றாக விழுகிறது. படியில் ஒன்றுமே இல்லை.

பீங்கானை வைக்கக் குனிந்தவர், படியின் ஓரமாக இறங்கிப் போய்த் தெருவில் ஒரு நிமிடம் காற்று வாங்கிக்கொண்டு நின்றார். திரும்பி வரும்போது... சாரத்தை முழங்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டார். காலை உயர்த்தி, அகல எடுத்து வைத்து, அந்த வெறும் படியைத் தாண்டி வந்தார். படுத்திருக்கிற ஒரு ஆளைத் தாண்டுகிற அளவுக்கு.

அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் சந்தோசம் இல்லை. ஆனால் களைப்பும் இல்லை. எனக்கு அந்த முகம்தான் இன்றைக்கும் பயம், மற்றது இல்லை.

போன வருடம் தவக்காலத்தில் அவர் செத்தார். சளி பிடித்து நெஞ்சு அடைத்துவிட்டது. பேச்சு இருந்தது, நினைவு இருந்தது. பங்குச் சாமி வந்து எல்லாம் கொடுத்துவிட்டுப் போனார். கடைசி இரவு. தெருக்கதவில் சத்தம் விடாமல் வந்துகொண்டே இருந்ததாம். டொக். டொக். அவசரமாக. தனக்கும் நேரமில்லை என்று தெரிந்த மாதிரி. மதலேனம்மா அண்ணனின் காலைப் பிடித்தார்.

"அண்ணே, நீங்கள் போனா அவருக்கு ஆர் சொல்லுறது? போதும் எண்டு சொல்லுங்கோ. உங்களுக்கும் சேர்த்துத்தான் கேக்கிறன்."

பற்றிக் அவரை நெடுநேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். இந்தப் பக்கம் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம். வெள்ளைக்காரன் தலையாட்டல்.

அவ்வளவுதான். செத்துப்போனார்.

அவரோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்கள். அடக்கம் முடிந்து வந்து, சனமெல்லாம் போன பிறகு சாப்பிட உட்கார்ந்தார்கள். சாப்பாடு முடிகிற நேரத்தில் தெருக்கதவில், தாழ்வாக...

ஒஸ்வால்ட் திறந்து சொல்லிப் பார்த்தானாம். "போதும், போங்கோ." தமிழில் சொன்னான், இங்கிலீசில் சொன்னான். லத்தீனில் ஒரு சாமியாரைக் கொண்டு சொல்வித்தான். கேட்கவில்லை. அவருக்கு வேண்டிய வாய் அது இல்லை. அந்த வாய் மண்ணுக்குள்ளே போய்விட்டது.

கொழும்பில் ஜப்பான்காரனின் குண்டு விழுந்த பிறகு மதலேனம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு நீர்கொழும்புக்குப் போய்விட்டார். ஒஸ்வால்ட் வெள்ளவத்தைக்கு வந்து நம்மோடு போர்டிங்கில் சேர்ந்தான். கொட்டாஞ்சேனை கொட்டாஞ்சேனையோடு போயிற்று என்றுதான் அவனும் நினைத்திருப்பான்.

நீங்கள் அவனைக் கேலி செய்கிறீர்கள். இரத்தினசிங்கம், நேற்றுக்கூட நீதான் சொன்னாய். ராத்திரியில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு ஒரு பீங்கானில் சோறு போட்டுப் பின்கதவுக்கு வெளியே வைக்கிறான், இந்த அரிசித் தட்டுப்பாட்டில் நாய்க்குச் சோறா என்று. ஷிப்லி, நீயும் அடிக்கடி வந்துபோகிறவன். அந்த வீட்டில் நீ எப்போதாவது ஒரு நாயைக் கண்டாயா?

இன்றைக்கு அவன் இரவு வேலைக்குப் போய்விட்டான். பீங்கான் வைக்க ஆளில்லை.

டியூட்டி முடிந்து போகும்போது பின்கதவால்தானே போவீர்கள். அந்தக் கதவுக்குப் பச்சை வர்ணம் அடித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. குனிந்து தடவிப் பாருங்கள். நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒரு சல்லிக் காசு அளவுக்கு மரம் தெரிகிறது.

காலை மட்டும் உயர்த்தி வையுங்கள்.